மெத்தை வைத்த நாற்காலி

ஐஸ்காரருக்கு முதல் சந்தேகம் அந்த நாற்காலியைப் பார்த்ததும் வந்தது. நாற்காலிக்கு மெத்தை வைத்திருந்தார்கள்.

போலீஸ்காரர் மேல் புகார் சொல்ல வந்தவனுக்கு மெத்தை எதற்கு? ஸ்டேஷனுக்குப் புகாரோடு போய் வந்த பலரை அவர் அறிவார். பெஞ்சு ஓரத்தில் பாதி உடம்புக்கு இடம் கிடைத்தவர்களே பெரிய இடத்துச் சிபாரிசோடு போனவர்கள்தான். இந்தப் புது விசாரணைப் பிரிவிலோ வாசல் காவலர் எழுந்து நின்று "வாங்க சார்" என்றார். ஐஸ்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அந்த சார் தாம்தான் என்று தெரிந்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டார்.

உள்ளே அதைவிட மோசம். கூடத்தில் இருந்த அத்தனை அதிகாரிகளும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர் உட்காரும்வரை யாரும் உட்காரவில்லை. புகார்தாரர் அமர்ந்த பிறகே அதிகாரிகள் அமர வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதியாம். ஐஸ்காரர் மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே ஒன்றும் குத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நுனியில் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அவர் ஒரு மூன்று சக்கர வண்டி வைத்துக்கொண்டு, ஐஸ் பேக்டரியிலிருந்து பாளம் பாளமாக ஏற்றி மீன் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் போடுகிறவர். வாழ்நாள் முழுக்க ஐஸ் விற்கிற மனுஷனுக்கு யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியவில்லையே என்று அவர் மனைவிக்கு ஒரு நிரந்தரக் குறை உண்டு. போகும் வழியில் ஒரு நாற்சந்தி. நாற்சந்தியில் ஓர் இன்ஸ்பெக்டர். மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர் என்பதால் கடைத்தெரு முழுக்க அவருக்குக் கூலிங்கிளாஸ் என்றுதான் பெயர், அவர் காதில் விழாத தூரத்தில்.

கூலிங்கிளாஸ் முதலில் கேட்டது ஒரு துண்டு ஐஸ். ஸ்டேஷன் குடிதண்ணீருக்கு. வெயிலில் நிற்கிற மனுஷன், போகட்டும் என்று இவரும் கொடுத்தார். துண்டு ஒரு பாளமாயிற்று. பிறகு பாளத்தை ஸ்டேஷனில் இறக்க வேண்டாம், தன் மச்சினனுடைய ஜூஸ் கடையில் இறக்கிவிடு என்றாயிற்று. ஒரு நாள் மீன் கடைக்காரர் மொத்த ஐஸையும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால், ஐஸ்காரர் நாற்சந்தியில் நின்று "இன்னிக்கு இல்லீங்க ஐயா" என்றார். அந்த ஆளிடம் அவர் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். அங்கேயே வண்டியைப் பிடித்துவிட்டார்கள். குற்றம், பொதுச் சாலையில் தண்ணீர் சிந்தியது. ஐஸ் வண்டியில் தண்ணீர் சிந்தாமல் பாலா சிந்தும் என்று கேட்க அன்றைக்கு ஆளில்லை. பறிமுதல் செய்த பொருள் என்ற இடத்தில் காலையில் ஐஸ் என்று எழுதினார்கள். மாலையில் அதை அடித்துத் தண்ணீர் என்று எழுதினார்கள். மறுநாள் அதையும் அடித்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதினார்கள்.

வண்டி ஸ்டேஷன் பின்புறம் வெயிலில் நின்றது. ஐஸ்காரர் வாடகைத் தள்ளுவண்டியில் சாக்கைப் போர்த்தி ஐஸ் தள்ளினார். கடைக்குப் போவதற்குள் பாதியை ரோடு குடித்துவிடும். மீன் கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் மீனுக்கு அது தெரியாதே. "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள வண்டியோட வா. இல்லன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கடை கைவிட்டுப் போனால் ஐஸ்காரருக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆக, வண்டி வர வேண்டும். அடுத்த மாசக் கடைசிக்குள் வர வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் 'காவல் துறை உள்ஊழல் விசாரணைத் திறன் வளர்ப்புப் பிரிவு' என்று ஒன்றைத் திறந்து, தெருவுக்குத் தெரு பேனர் கட்டியிருந்தார்கள். அச்சமின்றி வாருங்கள் என்று போட்டிருந்தது. அதைப் படித்துத்தான் ஐஸ்காரருக்குக் கொஞ்சம் அச்சம் வந்தது. அவர் மனைவி தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். எதையும் இரண்டு தரம் அளந்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுப்பாள்.

"போய்ட்டு வாங்க. ஆனா அங்க எது குடுத்தாலும் யோசிச்சு வாங்குங்க" என்றாள்.

"புகார் குடுக்கத்தானே போறேன்? அவங்க என்ன குடுக்கப் போறாங்க?"

"அதான் எனக்கும் தெரியல. அதனாலதான் சொல்றேன்."

பிரிவின் இயக்குநர் பருத்த உடம்பும் முழங்கால் வலியும் உள்ள மேலதிகாரி. நின்றால் முகம் சுருங்கும், உட்கார்ந்தால் மலரும். மெத்தையில் ஐஸ்காரர் உட்கார்ந்த நொடியில் அவரும் உட்கார்ந்து, ஆனந்தமாக மூச்சு விட்டார்.

"உங்களுக்கு நாங்க எவ்வளவு கடமைப்பட்டிருக்கோம் தெரியுமா? பிரிவைத் திறந்து உக்காந்திருக்கோம், ஒரு புகார் வரல. மேலிடத்துல கேள்வி கேக்குறாங்க. நீங்க வந்தீங்க பாருங்க, எங்க மானமே உங்களாலதான் நிக்குது" என்றார்.

"அப்ப எப்ப ஐயா விசாரிப்பீங்க?"

"விசாரிக்கிறதா?" இயக்குநர் கூடத்தைப் பார்த்துச் சிரித்தார். கூடமும் சிரித்தது. "அதுக்கான திறனைத்தான் இப்ப வளர்த்துக்கிட்டு இருக்கோம். திறன் வளர்ந்ததும் விசாரிப்போம். அது இல்லாம அவசரப்பட்டு விசாரிச்சா, உண்மை எக்குத்தப்பா வெளியில வந்துடும்."

ஐஸ்காரருக்கு இரண்டாவது சந்தேகம் அப்போது வந்தது. ஆனால் டீயும் வந்தது. மனைவி சொன்னது ஞாபகம் வர, டீயை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

மூன்று நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் அட்டை. புகார்தாரர். குற்றம் சாட்டப்பட்டவர். விசாரணை அதிகாரி. ஐஸ்காரர் தம் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபோது இயக்குநர் பதறிப்போய்க் கையைக் காட்டினார்.

"பேரே வேண்டாம். புகார் குடுத்தவரோட பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம். இந்தக் கூடத்துல யாருக்கும் பேர் கிடையாது. யார் எந்த நாற்காலியில உக்காந்திருக்காங்களோ அவங்கதான் அது. நாங்க ஆளைப் பாக்குறதே இல்ல. நாற்காலியை மட்டும்தான் பாப்போம். அதுக்குப் பேர்தான் நடுநிலைமை."

நாற்காலி சொல்வதை எழுதுவதற்கு ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்தார். ஓய்வுபெறப் போகும் வயது. எல்லோரும் அவரை எழுத்தர் அம்மா என்றே கூப்பிட்டார்கள். எதிரே நாற்காலியில் இருப்பவர் தும்மினால்கூட 'தும்முகிறார்' என்று எழுதிவிடுவார். கண்ணில் படுகிற எதையும் விடக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவு.

முதல் வாரப் பாடம் சந்தேகம். கரும்பலகையில் 'சந்தேகமே முதல் படி' என்று எழுதியிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த அதிகாரிகள் யாரைச் சந்தேகிப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கூடத்தில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் போலீஸ்காரர்கள். எனவே ஐஸ்காரரைச் சந்தேகித்தார்கள். அவர் ஐஸைப் பற்றியும் நாற்சந்தியைப் பற்றியும் திக்கித் திக்கிச் சொன்னார். எழுத்தர் அம்மா எழுதியதை ஒருவர் உரக்க வாசித்தார்: "தடுமாறுகிறார். சந்தேகத்துக்கு உரியது."

அடுத்த வாரம் ஐஸ்காரர் வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டு வந்து, தங்குதடையில்லாமல் சொன்னார். "மனப்பாடம் செய்திருக்கிறார். சந்தேகத்துக்கு உரியது."

அதற்கடுத்த வாரம் பாதி தடுமாறி, பாதி சரளமாகச் சொல்லிப் பார்த்தார். கூடமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "இந்த ஆள் விவரமான ஆள்" என்றார் ஓர் அதிகாரி, குரலைத் தாழ்த்தி.

எழுத்தர் அம்மாதான் ஒரு தரம் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "ஐயா, வண்டி பக்கத்து ஸ்டேஷன்லதானே நிக்குது. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாமே?"

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"அம்மா, நீங்க சொல்றது களப்பணி. நாம இருக்கிறது வகுப்பறை. போய்க் கண்ணால பாத்துட்டோம்னு வைங்க, அப்புறம் எப்படிச் சந்தேகப்படுறது? பாடமே கெட்டுப் போயிடாதா?"

ஆனால் அவர் அந்த யோசனையை அடியோடு தள்ளிவிடவில்லை. தடயப் பாடத்துக்கு வண்டியையே பகுதி பகுதியாக வரவழைத்தார். ஒரு வாரம் பக்கக் கண்ணாடி வந்தது. இன்னொரு வாரம் பின்கதவு. அதன் பிறகு ஹாரனைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, பாட்டரி கொடுத்து அழுத்தினார்கள். இருமல் பிடித்த வாத்துபோல் இரண்டு தரம் கத்தியது. ஐஸ்காரர் எழுந்தேவிட்டார்.

"இது என் வண்டி ஹாரன். எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

"அப்படின்னு நீங்க சொல்றீங்க" என்றார் ஓர் அதிகாரி. அந்த மாதிரிச் சொல்ல அவர்களுக்கு இப்போது நன்றாகவே பழகியிருந்தது.

அன்று வீட்டில் அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க அங்க புகார் குடுக்கப் போறீங்களா, பாடமாப் போறீங்களா?"

"திறன் வளந்துக்கிட்டு இருக்குன்னு சொல்றாங்க."

"யாருக்கு? நம்ம வண்டி தேஞ்சுக்கிட்டு இருக்கு. மாசக் கடைசி வந்துக்கிட்டு இருக்கு. உங்க தலையில மிளகாய் அரைக்கிறாங்க, நீங்க குனிஞ்சு வசதி பண்ணிக் குடுக்குறீங்க."

அவருக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை. அவள் சொன்னது சரி என்பதன் மேல்.

மறுவாரம் கூடத்துக்குப் போனவருக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. மேடையில் கூலிங்கிளாஸ் நின்றிருந்தார், கண்ணாடியோடு. சிறப்புரை ஆற்ற அழைத்திருந்தார்களாம். இவர் எதற்கு என்று ஐஸ்காரர் கேட்டதற்கு, லஞ்ச விஷயத்தில் கள அனுபவம் உள்ளவர் துறையில் யார் என்று தேடியதில் எல்லாத் திசையிலிருந்தும் இவர் பெயரே வந்தது என்றார் இயக்குநர், பெருமையாக.

கூலிங்கிளாஸ் நன்றாகப் பேசினார். அதை மறுக்க முடியாது.

"நம்ம ஆளுங்களுக்கு லஞ்சம் எப்படி வாங்குவாங்கன்னே தெரியல. அதனாலதான் பிடிக்கத் தெரியல. வாங்குறவன் என்னிக்கும் கேக்க மாட்டான். 'இன்னிக்கு என்னா வெயில்'னு சொல்லுவான். அவ்வளவுதான். எதிராளி புரிஞ்சுக்கணும். பொருளைக் கையால தொடவே கூடாது. சொந்தக்காரன் கடையில இறங்கணும். எதிராளி ஒரு நாள் இல்லேன்னு சொன்னா கோபப்படக் கூடாது. சட்டப் புத்தகத்தை எடுக்கணும். அதுல எல்லாத்துக்கும் இடம் இருக்கு. தண்ணி சிந்துறதுக்குக்கூட இருக்கு."

அதிகாரிகள் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தார்கள். ஒருவர் எழுந்து, "சார், இவ்வளவு நுணுக்கமா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எல்லாம் கேள்விப்பட்டதுதான்" என்றார் கூலிங்கிளாஸ். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஐஸ்காரர் மட்டும் தட்டவில்லை. எழுத்தர் அம்மா 'கைதட்டவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் தேர்வு. தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். உண்மையான புகார், உண்மையான ஆட்கள், முறைப்படி விசாரணை, முறைப்படி முடிவு. இன்று முடிவு சொல்லியே ஆக வேண்டும், முடிவின்படி நடவடிக்கையும் எடுக்கப்படும் என்றார் இயக்குநர். ஐஸ்காரருக்கு முதல்முறையாக நெஞ்சுக்குள் ஒரு வெளிச்சம் தட்டியது. அதற்குள் இயக்குநர் தொடர்ந்தார்.

"இன்னிக்கு ஒரு புது முறை. இடமாற்றம். புகார்தாரரும் குற்றம் சாட்டப்பட்டவரும் நாற்காலியை மாத்தி உக்காருவாங்க. அவர் கஷ்டம் இவருக்குத் தெரியணும், இவர் கஷ்டம் அவருக்குத் தெரியணும்."

கூலிங்கிளாஸ் மெத்தையில் போய்ச் சாய்ந்தார். ஐஸ்காரரை மெத்தையில்லாத நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கூலிங்கிளாஸ் அன்று கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே சாதாரணமான, சின்னக் கண்கள்.

"நான் ஏழைங்க. ஐஸ் போட்டுப் பொழைக்கிறவன். அந்த வண்டிதான் எனக்குச் சோறு போடுது. தினம் நாற்சந்தியில நிறுத்திப் பாளத்தை இறக்கச் சொன்னாங்க. ஒரே ஒரு நாள் இல்லேன்னு சொன்னேன். வண்டியைப் பிடிச்சுட்டாங்க" என்றார். குரல் உடைந்தது. எந்த நாள், எந்தக் கடை, எத்தனை பெரிய பாளம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லமாட்டாரா பின்னே, பக்கத்தில் நின்று வாங்கியவர் ஆயிற்றே. விருந்தாளிகளில் ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வாரமும் தாம் சொன்னபோது யாரும் துடைக்கவில்லையே என்று ஐஸ்காரருக்கு வயிறு எரிந்தது.

பிறகு இவர் பக்கம் திரும்பினார்கள். "நீங்க ஐஸ் வாங்கினீங்களா?"

ஐஸ்காரர் யோசித்தார். அவர் யோசித்தது தப்பில்லை, எந்த மனுஷனும் அப்படித்தான் யோசித்திருப்பான். ஆளைப் பார்ப்பதில்லை, நாற்காலியைத்தான் பார்ப்போம் என்றார்கள். இது கூலிங்கிளாஸின் நாற்காலி. இதிலிருந்து ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டது கூலிங்கிளாஸ்தானே? இந்த ஒரு தடவை நாமும் கெட்டிக்காரனாக இருந்துவிடுவோம் என்று தீர்மானித்தார்.

"ஆமா. வாங்கினேன். மச்சினன் கடையில இறக்கினேன். இல்லேன்னு சொன்னதும் வண்டியைப் பிடிச்சேன். எல்லாம் நான்தான்."

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. புகார்தாரர் சொன்னதற்கு அடியில் புகார்தாரர் நாற்காலியும், ஒப்புதலுக்கு அடியில் மற்ற நாற்காலியும் கையெழுத்துப் போட்டார்கள். முடிவு வாசிக்கப்பட்டது. குற்றம் நிரூபணம். வண்டியைச் சேதாரமில்லாமல் உடனே புகார்தாரரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஐஸ்காரர் காற்றில் மிதந்தபடி வீடு வந்தார். மனைவி முழுக்கக் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"புகார்தாரர்னு யார் கையெழுத்துப் போட்டது?"

அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை மீன் கடை முன்னால் தள்ளுவண்டியோடு நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. இருமல் பிடித்த வாத்து, இரண்டு தரம். கண்ணாடி, பின்கதவு, ஹாரன் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டி, கழுவித் துடைத்து, வண்டி பளபளவென்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கூலிங்கிளாஸின் மச்சினர். வண்டி நிறைய ஐஸ். மீன் கடைக்காரர் ஐஸ்காரரின் முகத்தைப் பார்க்காமல், "நான் என்னப்பா பண்றது, மீனு காத்துக்கிட்டு இருக்காதே" என்று சொல்லிவிட்டுப் பாளங்களை இறக்கச் சொன்னார்.

ஐஸ்காரர் பிரிவுக்கு ஓடினார். வாசல் காவலர் எழுந்திருக்கவில்லை. இயக்குநர் மட்டும் மகிழ்ச்சியில் இருந்தார்.

"வாங்க, உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். நம்ம பிரிவோட முதல் வெற்றி. லஞ்சம் வாங்கினது யாருன்னு அவர் வாயாலயே வரவழைச்சாச்சு. அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு தெரிஞ்சிருக்கு. விசாரிச்சுப் பாத்தா, வாங்கினவர் போலீசே இல்ல. நம்ம துறையில ஊழலே இல்லன்னு நிரூபணமாயிடுச்சு."

"அது நான் ஐயா. நான் ஐஸ்காரன்."

"அதான் சொல்றேன். போலீஸ் இல்லாத ஒருத்தர், போலீஸ்னு சொல்லிக்கிட்டு நாற்சந்தியில ஐஸ் வாங்கியிருக்கார். ஆள்மாறாட்டம். அது வேற பிரிவு, அவங்க உங்களைக் கூப்பிடுவாங்க. வெளியூர் எங்கயும் போயிடாதீங்க."

அன்று ஐஸ்காரர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மனைவி கம்பெனிக்கு லீவு சொன்னாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கூடத்தில் இரண்டாவது அணிக்குப் பயிற்சி தொடங்கவிருந்தது. புகார்தாரர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் ஒட்டுமொத்தமாக எழுந்து நின்றார்கள். இயக்குநர் மெத்தையைத் தட்டிக் காட்டினார்.

"வாங்கம்மா, உக்காருங்க."

அவள் மெத்தையைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். "வேண்டாங்க. நான் நின்னுக்கிட்டே கேக்குறேன். எங்க வண்டி எங்க?"

"உக்காந்து சொல்லுங்கம்மா. நீங்க உக்காந்தாதான் நாங்க உக்கார முடியும். விதி."

"நில்லுங்க. நானும் நிக்கிறேன்ல. வண்டி எங்க?"

எழுத்தர் அம்மாவுக்கும் தர்மசங்கடம். நின்றுகொண்டு பேசுகிறவர் எந்த நாற்காலி என்று தெரியாமல் எதை எழுதுவது? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கூடம் நின்றது. டீ வந்தது, நின்றபடியே ஆறியது. இயக்குநர் உபசரித்துப் பார்த்தார், சட்டம் சொன்னார், கடைசியில் கெஞ்சவும் செய்தார். அவள் நாள் முழுக்க வெட்டு மேஜை முன்னால் நிற்கிறவள். அவளுக்கு நிற்பது ஒரு பொருட்டே இல்லை. இயக்குநரின் முழங்கால்தான் முதலில் நடுங்கியது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறிப் பார்த்தார். முடியவில்லை. பின்பக்கம் கையால் துழாவி, அகப்பட்ட நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, ஆனந்தமாக மூச்சு விட்டார்.

எழுத்தர் அம்மா எட்டி அந்த நாற்காலியின் முதுகைப் பார்த்தார். அட்டையைப் படித்தார். புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் இயக்குநர்.

"ஆளைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே ஐயா." அவர் குரலில் கிண்டல் ஒன்றும் இல்லை. "சொல்லுங்க. இவங்க வண்டி எங்க?"

இயக்குநர் தலையைத் திருப்பி, தம் முதுகுக்குப் பின்னால் தொங்கிய 'குற்றம் சாட்டப்பட்டவர்' அட்டையைப் பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் இடம் கொடுக்கவில்லை. புது அணி அதிகாரிகள் குறிப்பு நோட்டோடு அவரைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். கரும்பலகையில் முதல் பாடம் எழுதித் தயாராக இருந்தது.

"அது வந்து... வண்டி... நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

ஐஸ்காரரின் மனைவி எழுத்தர் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். "எழுதுங்கக்கா" என்றாள்.

எழுத்தர் அம்மா எழுதினார். "தடுமாறுகிறார்."